குடத்துப் பால் திரியவில்லை

தணிகாசலம்,

நீ பூனாவிலிருந்து போட்ட கடிதம் வந்தது. பட்டாளத்தில் பெயரை எடுத்து வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், தை மாதத்துக்குள் ஊருக்கு வந்துவிடுவேன், அதற்குள் வேறு பெண் பார்த்து வை என்று எழுதியிருந்தாய். நான் பெண் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இதை ஒட்டி அனுப்பப் போவதில்லை. முதலில் நம் தெருப் பிள்ளையார் கோயில் முன்னால் எல்லாரையும் உட்கார வைத்து இதைப் படிக்கச் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகுதான் தபாலுக்குப் போகும். போன வருஷம் உனக்கு நான் எழுதிய பொய்யைக் கார்டில் எழுதினேன். தபால்காரன் படித்தான், அவன் வாயிலிருந்து தெருவே படித்தது. பொய் திறந்தபடி போனது. நிஜம் மட்டும் உறைக்குள் ஒளிந்து போவானேன்?

எனக்கு எழுத்து எவ்வளவு என்று உனக்குத் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம். நாலு வரிக் கார்டு எழுதுவேன், அதுவும் கோணலாக. அதனால் நான் சொல்லச் சொல்ல அந்தப் பள்ளிக்கூடத்து ரூபி டீச்சர் எழுதுகிறார். நான் பேசுகிற பேச்சை அவர் நல்ல தமிழாக்குகிறார், அது பரவாயில்லை. ஆனால் நான் செய்ததை மெத்தென்று ஆக்கி எழுதக்கூடாது என்று அவருடைய வேதப்புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

வேணியைப் பற்றித்தான். அவள் உன் பெண்டாட்டி என்பதற்கு முன்னால் என் தம்பி நாகப்பனின் மகள். உங்கள் கல்யாணத்தை முடித்து வைத்ததே நான்தான். அதற்கு அடுத்த வருஷம் உன் அப்பா போனார். பதினாறாம் நாள் பிறந்த வீட்டுக் கோடி என்று நாகப்பன் எனக்கு ஒரு புடவை கொண்டுவந்து போர்த்தினான். நெசவுக்காரன் வீட்டுப் புடவை. அதில் இழை விட்ட இடம் ஏழு. சபையில் உட்கார்ந்து அழுதுகொண்டே எண்ணினேன். முந்தானையில் மூன்று, உடலில் நான்கு. சந்தையில் தள்ளிவிட்ட சரக்கைத் தாலியறுத்த அக்காவுக்குக் கொண்டுவந்தானே என்று அன்றைக்குப் பிடித்த கோபம், இன்றைக்கும் அதை நான் விடவில்லை. விடச் சொல்லி நீ எழுதவும் வேண்டாம். ஆனால் அந்தக் கோபத்தை நான் நாகப்பன் மேல் காட்டவில்லை. அவன் போதட்டூர்பேட்டையில் இருந்தான். அவன் மகள் என் வீட்டில் இருந்தாள்.

நீ பட்டாளத்துக்குப் போய் ஒரு வருஷம் ஆனபோது அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. வேலைக்குச் சோம்பல் என்று நினைத்தேன். பிறகு பாவு விரிக்கும்போது இடிக்க ஆரம்பித்தாள். விடிந்ததும் தெரு நீளத்துக்கும் குச்சி நட்டு நூலை நீட்டிக் கஞ்சி போடுவோமே, அதில் ஓரமாக நடந்து போகிறவள் குச்சியில் மோதுவாள். ஒரு நாள் வலது பக்கக் குச்சி, மறுநாள் இடது பக்கக் குச்சி. நூல் அறும். முடிச்சுப் போடுகிற வேலை எனக்கு.

"கண்ணு இன்னா பிடரியிலயா வெச்சிகினு இருக்கற?" என்று ஒரு நாள் எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"நேரா பாத்தா நல்லா தெரியுது அத்த. பக்கத்துல இருக்கறதுதான் காணாம பூடுது" என்றாள்.

"உங்கப்பன் மாதிரியேதான். பக்கத்துல இருக்கறவங்க கண்ணுக்கே தெரியமாட்டாங்க" என்றேன். தெருவே சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள். நான் சொன்னதில் இருந்த விஷம் அவளுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தும் சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுடைய ரவிக்கையில் கறை பார்த்தேன். துவைக்கப் போட்டிருந்ததை எடுத்து முகர்ந்தேன். பால். இரண்டு பிள்ளை பெற்ற எனக்குத் தெரியாதா? நீ போய் ஒன்றரை வருஷம். அவள் வீட்டுக்கு விலக்காகி எட்டு மாதம் என்பதும் என் கணக்கில் இருந்தது. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். "யாருடி?" என்றேன். "யாருமில்ல அத்த, தானா வருது. எனக்கே பயமா கீது" என்று அழுதாள். மருத்துவச்சியைக் கூப்பிட்டேன். அவள் வயிற்றைத் தடவிப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, வெறும் வயிறு" என்றாள். இல்லை என்றால் நிம்மதியாக இருக்க வேண்டியவள் நான். கலைத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். கட்டியதோடு நிற்காமல் எதிர் வீட்டு அலமேலுவிடம் சொன்னேன். அலமேலுவிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் நகரி வரைக்கும் ஊர் ஊராகப் போய்ச் சேரும் என்று தெரிந்துதான் சொன்னேன். நாகப்பன் காதில் விழ வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ரூபி டீச்சர் மட்டும் நம்பவில்லை. "கண்ணும் கெட்டு, தலையும் வலிச்சு, பாலும் வருதுன்னா அது ஒழுக்கம் இல்லம்மா, நோவு" என்று சண்டை போட்டு எங்கள் இரண்டு பேரையும் ரயிலேற்றிப் பட்டணத்துக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு டாக்டரம்மா இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். கையில் துணிப்பட்டை கட்டி ரப்பர் உருண்டையை அழுத்தி ரத்தத்தின் வேகம் பார்த்தார். ஒரு பென்சிலைக் காதுப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் கொண்டுவந்து, எப்போது தெரிகிறது என்று கேட்டார். தலையைப் படம் பிடித்தார்கள். இரண்டாம் நாள் வேணியும் டீச்சரும் வெளியே வராந்தாவில் இருந்தபோது என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு எதுதான் மறக்கிறது?

"நீங்கதானே மாமியார்? உங்க மருமக மேல எந்தத் தப்பும் இல்லை. மூக்குக்குப் பின்னால, மூளைக்கு அடியில, கடலை அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு. அதுல கட்டி வந்திருக்கு. அதனாலதான் பால் வருது, விலக்கு நின்னுபோச்சு. கண்ணுக்குப் போற நரம்பை அது கீழேயிருந்து அழுத்துது, அதான் ரெண்டு ஓரமும் தெரியலை. புற்று இல்லை. பரவுற கட்டி இல்லை. மெதுவா வளர்றது. இதோட ரொம்ப வருஷம் இருக்கறவங்க உண்டு."

"அப்ப பயமில்லீங்களா?"

"ஒரு பயம் இருக்கு. சில பேருக்கு அந்தக் கட்டிக்குள்ளேயே திடீர்னு ரத்தம் கசியும். யாருக்கு, எப்போன்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. கட்டி பெரிசா இருந்தா பயம் கூடுது. இவளுக்குப் பெரிசாத்தான் இருக்கு. ரத்த அழுத்தமும் இந்த வயசுக்கு அதிகம். அதனால உப்பைக் குறைங்க. தலையில அடி படக்கூடாது. பாரம் சுமக்க வேண்டாம், மூச்சைப் பிடிச்சு முக்கற வேலை வேண்டாம். தலைவலிக்குக் கடையில விக்கிற மாத்திரையை அவளா வாங்கிப் போடக்கூடாது, சில மாத்திரை ரத்தம் உறையறதைக் கெடுக்குதுன்னு இப்போ சந்தேகப்படறாங்க. புருஷன் திரும்பி வந்து பிள்ளை உண்டானா அந்தச் சுரப்பி தானா பெருக்கும், கட்டியும் கூடப் பெருக்கலாம். அதனால முன்னாடியே எங்கிட்ட வாங்க. அடுத்த மாசம் கூட்டிட்டு வந்தா எக்ஸ்ரே கதிர் வெச்சுச் சுருக்கப் பார்க்கலாம். திடீர்னு மண்டை பிளக்கற மாதிரி வலி, வாந்தி, இமை தொங்கறது, பார்வை மங்கறது, இதுல எது வந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க. அது ரத்தம் கசியறதுக்கு அடையாளம்."

நான் "சரிங்க" என்றேன். வெளியே வந்தேன். "இன்னா சொன்னாங்க அத்த?" என்று எழுந்து வந்தாள். "கண்ணு பலவீனமாம். கீரை தின்னணுமாம்" என்றேன். டீச்சரிடமும் அதையே சொன்னேன்.

இந்த இடத்தில் டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். கட்டி என்று பிறகு தெரிந்துகொண்டவருக்கு, அதை டாக்டரம்மா முன்பே என்னிடம் சொல்லியிருந்தது இத்தனை நாளும் தெரியாது. "எழுதுங்கம்மா, இன்னும் இருக்குது" என்று சொன்ன பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எழுதுகிறார்.

ஏன் மறைத்தேன்? எனக்குப் புரியாமல் இல்லை. டாக்டரம்மா சொன்னதை நம்பாமலும் இல்லை. நம்பினேன், அதுதான் வெட்கம். அவள் மேல் குற்றமில்லை என்றால், நான் அலமேலுவிடம் சொன்னது பொய். பொய் என்றால் நான் வண்டி பிடித்துப் போதட்டூர்பேட்டைக்குப் போய், ஏழு இழை விட்ட புடவை கொண்டுவந்தவன் வாசலில் நின்று, "தம்பி, உன் மகளைத் தப்பாப் பேசிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நாக்கு வராமல், ஒரு பெண்ணின் தலைக்குள் இருந்ததை அவளிடமிருந்தே மறைத்தேன். அடுத்த மாதம் கதிர் வைக்கக் கூட்டிப் போகவில்லை. வீட்டில் குழம்பு வைக்காத நாளெல்லாம் அவளுக்குக் கஞ்சியும் உப்பு மிளகாயும்தான். ஒவ்வொரு தடவை அந்த மிளகாயை அவள் தட்டில் வைக்கும்போதும் "உப்பைக் குறைங்க" என்ற குரல் காதில் கேட்டது. வைத்தேன்.

அப்புறம் ஆடிக் கிருத்திகை வந்தது. தெருவில் பேச்சு அடங்கவில்லை. அலமேலுதான் ஆரம்பித்தாள், ஆனால் முடித்தவள் நான். "மலைக்குப் பால்குடம் எடுக்கட்டும். அந்தப் பால் மேல போற வரைக்கும் திரியாம இருந்தா அவ சுத்தம். நானே கால்ல விழறேன்" என்றேன். ஆடி வெயிலில் ராத்திரிக் கறந்த பால் மலை ஏறுவதற்குள் திரியாமல் இருப்பது சந்தேகம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"எடுக்கறேன் அத்த. எடுத்துட்டா அப்பறம் யாரும் பேசமாட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

"முருகன் பேசட்டும். நாங்க ஏன் பேசறோம்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாரம் சுமக்காதே என்றார்கள் என்று ஒரு வார்த்தை. முதல் நாளிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தாள். பித்தளைக் குடத்தை அவள் தலையில் நானே தூக்கி வைத்தேன். காவடிக் கூட்டம் இரண்டு பக்கமும் நெருக்கியது. அவளுக்கு ஓரம் தெரியாதல்லவா, வருகிறவன் போகிறவன் எல்லாம் இடித்தான். பாதிப் படி தாண்டியதும் நின்றாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "அத்த, தல வெடிக்கற மாதிரி கீது. செத்த நேரம் குந்தட்டுமா?" என்றாள். அலமேலு என் முகத்தைப் பார்த்தாள். "குந்தினா குடத்த எறக்கணும். எறக்கினா வேண்டுதல் கெட்டுது. ஏறு" என்றேன்.

ஏறினாள். கடைசிப் படி ஏறி மேல் வாசலில் இரண்டு அடி வைத்தவள், கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். வாந்தி எடுத்தாள். விழுந்தாள். குடம் உருண்டது. ஓடிப் போய் முகத்தைத் தூக்கினேன். இடது கண் இமை தொங்கிப்போயிருந்தது. "அத்த, இருட்டா கீது, இருட்டா கீது" என்றாள். டாக்டரம்மா எனக்கு வரிசையாகச் சொன்னது வரிசையாக நடந்தது. அந்தக் கூட்டத்தில் அது என்ன என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"சாமி காட்டிட்டாருடோய்!" என்று எவனோ கத்தினான். "பாவத்தச் சொமந்துகினு ஏறினா வுடுவாரா?" என்றாள் அலமேலு. கூட்டம் அரோகரா போட்டது. உருண்ட குடம் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தது. அதன் அடியில் கொஞ்சம் பால் மிச்சமிருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். திரியவில்லை தணிகாசலம். கறந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. அவள் ஜெயித்திருந்தாள். யாருக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. நான் காலால் அந்தக் குடத்தைக் கவிழ்த்தேன். பால் கல்லில் ஓடிப் போயிற்று.

நாகப்பன் அன்றைக்குக் காவடி எடுத்து வந்திருந்தான். சத்தம் கேட்டு ஓடி வந்தவன், காவடியைக் கூட வந்தவனிடம் கொடுத்துவிட்டு மகளை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கூடப் போகவில்லை. என்ன நோவு, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று சொல்லக்கூட இல்லை. விஷயம் கேள்விப்பட்டு ரூபி டீச்சர்தான் ஸ்டேஷனுக்கு ஓடிப் போய் அவர்களோடு ரயிலேறினார். மறுநாள் நான் உனக்குக் கார்டு எழுதினேன். "உன் பெண்டாட்டி கெட்டுப்போனாள். முருகனே மலையில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். இனி அவள் நமக்கு வேண்டாம்." அந்தக் கார்டை வைத்துத்தான் நீ இப்போது வேறு பெண் கேட்கிறாய்.

வேணி சாகவில்லை. ஐப்பசியில், யாரிடமும் சொல்லாமல், நான் மட்டும் அந்த டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். அவளைப் பற்றி விசாரிக்கப் போனதாக நினைக்காதே. எனக்காகப் போனேன். "அவ குடம் எடுத்து மல ஏறினதாலதான் ரத்தம் கசிஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். "அப்படிச் சொல்ல முடியாது. படுக்கையில சும்மாப் படுத்திருந்தாலும் கசிஞ்சிருக்கலாம். பாதிப் பேருக்கு மேல காரணமே கண்டுபிடிக்க முடியறதில்லை. ஏறாம இருந்திருந்தா கசிஞ்சிருக்காதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றார். எனக்குத் தலைமேல் இருந்த கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எழுந்தேன். கதவுகிட்டப் போனதும் கூப்பிட்டார். "ஒண்ணு கேக்கறேன். நான் சொன்னதை அவகிட்டச் சொன்னீங்களா? பட்டினியோட, பாரத்தோட, அந்த வெயில்ல ஏற அவளா ஒத்துக்கிட்டாளா, தெரிஞ்சு?"

நான் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டேன். ஒரு வருஷம் அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். சொல்ல முடியாது, சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கடிதம் வந்த அன்றைக்கு அது உதவவில்லை. ரத்தம் ஏன் கசிந்தது என்பது டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் ஏன் வாயை மூடினேன் என்பது எனக்குத் தெரியும். பால் திரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன புதன்கிழமை நாகப்பன் வீட்டுக்குப் போனேன். தறிக் குழியில் உட்கார்ந்திருந்தான். "இன்னாத்துக்கு வந்த?" என்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உனக்குச் சொன்ன மாதிரியே. அவன் குழியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டான். அடித்திருந்தால் தேவலை. வேணி உள்ளே ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பார்வை முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. பால் வருவது நின்றுவிட்டது.

"பால் திரியலயா அத்த?" என்று கேட்டாள். அது ஒன்றைத்தான் கேட்டாள்.

"திரியலம்மா."

ராட்டையிலிருந்து கையை எடுத்தாள். "எனக்குத் தெரியும். சொமந்தவ நானு, திரிஞ்சிருந்தா தளும்பற சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும்" என்றாள். பிறகு உன் பேச்சை எடுத்து, "பாவாவுக்கு எழுதுங்க. வரச்சொல்லி எழுதாதீங்க. பாவப்பட்டு யாரும் வர வேணாம். நடந்தத மட்டும் எழுதுங்க" என்றாள்.

நடந்ததை எழுதிவிட்டேன். வா என்று நான் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் நீயாக அவளிடம் போனால் தெரிந்துகொண்டு போ, என்னைப் போல் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்காதே. கட்டி கசிந்த பிறகு சுருங்கியிருக்கலாம், மறுபடி வளரவும் வளரலாம் என்று டாக்டரம்மா டீச்சரிடம் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்ணையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். உப்பு, பாரம், தலையில் அடி, கண்ட மாத்திரை, நான் மேலே சொன்னதெல்லாம் இன்னும் அப்படியேதான். பிள்ளை விஷயம் டாக்டரைக் கேட்காமல் கூடாது. பிள்ளையே வேண்டாம் என்று அவர் சொன்னால் வேண்டாம். பேரன் வேண்டும் என்று உன்னிடம் நான் நச்சரித்ததெல்லாம் உண்டு. அதை இன்றோடு விட்டேன். எனக்கு உன் அக்கா வீட்டுப் பேரப் பிள்ளைகள் போதும். இதெல்லாம் அவளுக்கும் இப்போது தெரியும். நானே அவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், ஒன்றரை வருஷம் தாமதமாக.

பூனாவிலிருந்து வருகிற ரயில் ரேணிகுண்டா தாண்டி நம் ஊரில் நிற்கும். போதட்டூர்பேட்டைக்கு ஸ்டேஷன் வாசலிலேயே வண்டி கிடைக்கும். அந்த வண்டி நம் தெரு வழியாகத்தான் போக வேண்டும். பெற்றவளைப் பார்க்காமல் போகிறோமே என்று உனக்கு இருக்கும். நான் கதவைச் சாத்தி வைத்திருப்பேன். வண்டியை நிறுத்தாதே.

உன் அம்மா